குத்தூசியும் ஒரு சின்னப் பெட்டியும்



போன மாசம் கணக்குப் பாடவேளையில் காம்பஸ் முனை என் விரலில் நறுக்குன்னு குத்திடுச்சு. நான் போட்ட சத்தத்தில் வகுப்பே சிரித்தது. டீச்சர் மருந்து போட்டுவிட்டு, கண்ணில் ஊசி குத்திய ஒரு பையனைப் பற்றி நூலகத்தில் தேடிப் படிக்கச் சொன்னார். படித்ததை உங்களுக்கும் சொல்கிறேன்.

அவர் பெயர் லூயி பிரெய்ல். 1809 ஜனவரி 4-ல் பிரான்சு நாட்டில் கூப்வ்ரே கிராமத்தில் பிறந்தார். அப்பா குதிரைச் சேணம் செய்பவர். 3 வயதில் அப்பாவின் பட்டறையில் விளையாடும்போது, தோலில் துளை போடும் குத்தூசி ஒரு கண்ணில் குத்தியது. புண் மற்ற கண்ணுக்கும் பரவியது. 5 வயதுக்குள் இரண்டு கண்ணும் போச்சு!

1819-ல் பாரீசில் பார்வையற்றோர் பள்ளியில் சேர்ந்தார். ராணுவத்தில் இருந்த பார்பியர் என்பவர் 12 புள்ளிகளைத் தடவிப் படிக்கும் முறையை அங்கே காட்டினார். ஒரு எழுத்து விரல் நுனிக்குள் அடங்கவில்லை. பிரெய்ல் அதை 6 புள்ளியாகக் குறைத்தார். அப்போது அவருக்கு 15 வயசுதான்! 1829-ல் அது புத்தகமாக வந்தது. அந்தப் புள்ளிகளைக் குத்தும் கருவியும் கிட்டத்தட்ட குத்தூசி மாதிரியே இருக்கும். கண்ணைப் பறித்ததே கையில் எழுத்தாணி ஆச்சு!

படித்த பள்ளியிலேயே ஆசிரியரானார். சர்ச்சில் ஆர்கனும் வாசித்தார். காசநோயால் 1852 ஜனவரி 6-ல், 43 வயதில் இறந்தார். 2 வருஷம் கழித்து, 1854-ல்தான் பிரான்சு அவர் எழுத்தை ஏற்றது. இன்று தமிழையும் அந்த 6 புள்ளிகளில் படிக்கிறார்கள்.

என்னை ரொம்ப யோசிக்க வைத்தது இதுதான். ஒரு சின்னப் பெட்டியைத் திறக்காமலே எரிக்கச் சொல்லிவிட்டு இறந்தார். ஆனால் திறந்து பார்த்தார்கள். உள்ளே அவரிடம் கடன் வாங்கியவர்கள் எழுதிக் கொடுத்த சீட்டுகள்! பிறகு அவர் சொன்னபடியே எரித்துவிட்டார்கள்.

படித்ததும் எனக்கு வெட்கமாகிவிட்டது. சுற்றுலாவுக்குச் சேர்த்த 50 ரூபாயை ஒரு நண்பனுக்குக் கொடுத்திருந்தேன். அதனால் நான் சுற்றுலா போகவில்லை. அந்தக் கோபத்தில் எல்லார் முன்னாடியும் அவனிடம் திருப்பிக் கேட்டேன். அன்றிலிருந்து அவன் என் பெஞ்சில் உட்காரவில்லை. சக்திக்கு மீறிக் கொடுத்தது தப்போ இல்லையோ, சொல்லிக் காட்டியது தப்பு.

நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிவைத்த அந்தக் கணக்கைக் கிழித்துவிட்டேன். அவனிடம் மன்னிப்பும் கேட்டேன். நேற்று அவனே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான்.

கொடுப்போம் நண்பர்களே, சொல்லிக் காட்டாமல் கொடுப்போம்! அப்புறம், காம்பஸைக் கவனமாப் பிடிங்க!