தம்மைத் தாமே எடைபோட்ட அறிஞர்

பிறருடைய குறைகள் நம் கண்களுக்கு எளிதில் தெரிகின்றன. நம்முடைய குறைகளோ நமக்குப் புலப்படுவதில்லை. தம் குறையைத் தாமே கண்டு, அதைத் திருத்திக்கொள்வதற்காகப் பெரும் பதவியைத் துறந்தவர் இமாம் கஸ்ஸாலி.

அவர் 1058ஆம் ஆண்டில், இன்றைய ஈரானின் வடகிழக்கில் உள்ள தூஸ் என்னும் ஊரில் பிறந்தார். இளமையிலேயே தந்தையை இழந்தார். தந்தையின் நண்பர் ஒருவர் அவரையும் அவருடைய தம்பி அகமதையும் வளர்த்தார். தந்தை விட்டுச்சென்ற சிறு தொகை தீர்ந்ததும், உணவும் உறைவிடமும் அளித்த கல்விக்கூடத்தில் சகோதரர்கள் இருவரும் சேர்ந்தனர்.

அவருடைய மாணவப் பருவத்தைப் பற்றி ஒரு நிகழ்ச்சி சொல்லப்படுகிறது. ஜுர்ஜான் நகரில் பாடம் கற்றுவிட்டு ஊர் திரும்பும் வழியில், கொள்ளையர்கள் அவருடைய உடைமைகளைப் பறித்துக்கொண்டனர். பாடக் குறிப்புகளை மட்டுமாவது திருப்பித் தருமாறு அவர் கெஞ்சினார். தாள்கள் போனால் அறிவும் போய்விடும் என்றால் அவர் எதைத்தான் கற்றார் என்று கொள்ளையர் தலைவன் கேட்டுச் சிரித்தான். குறிப்புகள் திரும்பக் கிடைத்தன. ஆயினும், அந்தக் கேள்வி அவரை உறுத்தியது. அடுத்த மூன்று ஆண்டுகளில் அக்குறிப்புகள் முழுவதையும் அவர் மனத்தில் பதியவைத்துக்கொண்டார்.

பின்னர், நிஷாப்பூரில் ஜுவைனி என்னும் பேரறிஞரிடம் பயின்றார். 1091ஆம் ஆண்டில், அமைச்சர் நிஜாமுல் முல்க் அவரைப் பாக்தாத் நகரின் நிஜாமிய்யா கல்விக்கூடத்தில் ஆசிரியராக நியமித்தார். அப்போது அவருக்கு வயது 33. ஏறத்தாழ 300 மாணவர்கள் அவரிடம் பாடம் கேட்டனர்.

புகழின் உச்சியில் இருந்தபோதுதான் அவர் தம்மையே ஆராயத் தொடங்கினார். தாம் கற்பிப்பது இறைவனுக்காக அன்று, பெயருக்காகவும் பெருமைக்காகவுமே என்று உணர்ந்தார். பதவியை விட்டுவிட நினைத்தார்; ஆனால், மனம் இடங்கொடுக்கவில்லை. ஆறு மாதங்கள் இவ்வாறு தடுமாறினார். 1095ஆம் ஆண்டில் ஒருநாள், வகுப்பில் அவருக்குப் பேச்சே வரவில்லை. உணவும் தொண்டையில் இறங்கவில்லை. நோய் உடலில் இல்லை, உள்ளத்தில்தான் இருக்கிறது என்று மருத்துவர்கள் கைவிரித்தனர்.

அதன்பின் அவர் தயங்கவில்லை. குடும்பத்திற்குத் தேவையானதை ஒதுக்கிவிட்டு, எஞ்சிய செல்வத்தைப் பிறருக்குக் கொடுத்தார். பாக்தாத்தை விட்டு வெளியேறினார். டமாஸ்கஸ் நகரின் பெரிய பள்ளிவாசல் கோபுரத்தில் ஏறி, கதவை அடைத்துக்கொண்டு தனிமையில் வழிபட்டார். ஜெருசலத்திற்கும் பின்னர் மக்காவுக்கும் பயணம் செய்தார்.

இக்காலத்தில்தான் அவர் 'இஹ்யா உலூமித்தீன்' என்னும் பெருநூலை எழுதினார். வணிகர் தம் கூட்டாளியிடம் கணக்குக் கேட்பதுபோல, மனிதன் ஒவ்வொரு நாளும் தன் மனத்திடம் கணக்குக் கேட்க வேண்டும் என்று அதில் விளக்கினார். தன் குறைகளை அறிய நான்கு வழிகளையும் காட்டினார். நல்லாசிரியரின் வழிகாட்டுதல், உண்மையான நண்பரின் அறிவுரை, பகைவரின் குறைகூறல், பிறரிடம் காணும் தீய குணம் தன்னிடமும் உள்ளதா என்று ஆராய்தல் ஆகியவையே அவை.

பிள்ளைகளின் வேண்டுகோளுக்கு இணங்கி அவர் ஊர் திரும்பினார். 1106ஆம் ஆண்டில் நிஷாப்பூரில் மீண்டும் கற்பித்தார். முன்பு செய்த அதே பணிதான். ஆனால், இம்முறை புகழை நாடி அவர் கற்பிக்கவில்லை. தம்மையும் பிறரையும் திருத்துவதே அவர் நோக்கமாக இருந்தது. பின்னர், தூஸ் நகரில் தம் வீட்டின் அருகிலேயே மாணவர்களுக்கு ஒரு கல்விக்கூடம் அமைத்தார். 1111ஆம் ஆண்டில், பிறந்த ஊரிலேயே அவருடைய வாழ்வு நிறைவுற்றது.