நூலகத் தந்தை அரங்கநாதன்

சோழ நாட்டில், திருஞானசம்பந்தர் தோன்றிய திருத்தலம் சீர்காழி. அவ்வூரில் 1892 ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் இராமாமிர்தம், சீதாலட்சுமி என்போர்க்கு மகனாகப் பிறந்தவர் அரங்கநாதன். எஸ். ஆர். ரங்கநாதன் என்று உலக நாடுகளின் நூலகர் அனைவரும் அறிந்து போற்றும் பெரியார் இவரே. இவருக்கு ஆறு வயது நிரம்பிய காலத்தில் தந்தையார் இறந்துவிட்டார். இளமையில் இவருக்குத் திக்குவாய் இருந்தது. பின்னாளில் நாடு நாடாகச் சென்று சொற்பொழிவாற்றியவர் அக்குறையை விடாமுயற்சியால் வென்றவர் என்பதை எண்ணும்போது வியப்பே மிகுகின்றது.

சீர்காழியில் பள்ளிப் படிப்பை முடித்தபின் சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் சேர்ந்து கணிதம் பயின்றார். அங்கே எட்வர்டு ராசு என்னும் பேராசிரியர் இவருக்கு ஆசானாக வாய்த்தார். ஆசிரியருக்கும் மாணவருக்கும் இடையே மலர்ந்த அன்பு, வாழ்நாள் முழுதும் நிலைத்தது. முதுகலைப் பட்டம் பெற்ற அரங்கநாதன், 1917 முதல் மங்களூரிலும் கோயம்புத்தூரிலும், பின்னர்ச் சென்னை மாநிலக் கல்லூரியிலும் கணித ஆசிரியராகப் பணியாற்றினார். மாணவர் சூழ இருப்பதே இவருக்கு இன்பம். வேறு தொழிலை இவர் கனவிலும் கருதியவர் அல்லர்.

சென்னைப் பல்கலைக்கழகம் தன் நூலகத்துக்கு முழு நேர நூலகர் ஒருவரை அமர்த்த விரும்பியது. ஆசிரியர் வேலையில் கிடைத்த ஊதியம் குறைவாயிருந்தமையால், நண்பர்கள் வற்புறுத்த, அரங்கநாதனும் விண்ணப்பம் அனுப்பினார். நூலகக் கலையில் இவருக்கு அப்போது எவ்விதப் பயிற்சியும் இல்லை. நேர்காணலுக்குச் சில நாட்கள் முன்பு, ஆங்கிலக் கலைக்களஞ்சியம் ஒன்றில் நூலகம் பற்றிய கட்டுரையைப் படித்துக்கொண்டதே இவர் செய்த ஆயத்தம். எனினும் வேலை இவருக்கே கிடைத்தது. 1924 சனவரியில் பொறுப்பேற்றார்.

பொறுப்பேற்ற சின்னாட்களிலேயே பெருந்துயரம் சூழ்ந்தது. வகுப்பறையின் கலகலப்பில் வாழ்ந்தவருக்கு, ஆளரவமற்ற அந்த அறைகள் சிறைக்கூடம் போலத் தோன்றின. நூல்கள் இருந்தன, படிப்பார் அரியர். செய்வதற்கு வேலையும் இல்லை. மனம் பொறாமல் மாநிலக் கல்லூரித் தலைவரிடம் ஓடிச் சென்று, தம்மைப் பழைய வேலைக்கே திரும்ப எடுத்துக்கொள்ளுமாறு வேண்டினார். அப்பெரியவர் இவருடைய வேண்டுகோளை மறுக்கவில்லை. ஆனால், நூலகப் பயிற்சிக்காக இங்கிலாந்து செல்லும் வாய்ப்பு வரவிருந்தது. முதலில் அங்கே சென்று வருக, வந்த பின்னும் மனம் ஒட்டாவிடில் ஆசிரியர் வேலைக்குத் திரும்பலாம் என்று அமைதி கூறி அனுப்பினார். அந்த அறிவுரை மட்டும் கிடைக்காதிருந்தால், கணித ஆசிரியர் ஒருவர் மேலும் சில ஆண்டுகள் நன்றாகப் பாடம் நடத்தி ஓய்வு பெற்றிருப்பார். இந்திய நாட்டு நூலகங்களின் கதை வேறாகியிருக்கும்.

1924 ஆம் ஆண்டின் பிற்பகுதியில் அரங்கநாதன் இலண்டன் மாநகரை அடைந்து, அங்குள்ள பல்கலைக்கழகக் கல்லூரியின் நூலகப் பள்ளியில் சேர்ந்தார். குராய்டன் நகரப் பொது நூலகத்தின் தலைவராயிருந்த பெரிக் சேயர்சு என்னும் அறிஞர் இவருக்கு வழிகாட்டினார். புத்தகப் படிப்போடு நில்லாமல், நூற்றுக்கும் மேற்பட்ட நூலகங்களை அரங்கநாதன் நேரில் சென்று கண்டார். கண்ட காட்சிகள் இவர் உள்ளத்தைப் புரட்டின. அங்கே தொழிலாளரும் கடைக்காரரும் இல்லத்தரசியரும் நூலகத்துக்குள் உரிமையோடு நுழைந்தனர். தாமே நூலடுக்குகளின் அருகே சென்று, எடுத்துப் புரட்டி, வேண்டியதைத் தேர்ந்தனர். சிறுவர்க்கெனத் தனி அறை இருந்தது. நகரின் பல பகுதிகளில் கிளைகள் இருந்தன. தம் சென்னை நூலகத்தில் தாம் உணர்ந்த தனிமைக்குக் காரணம் நூல்களின் இயல்பன்று, அவற்றை வைத்திருந்த முறையே என்பது இவருக்கு அங்கேதான் விளங்கிற்று.

இலண்டனிலுள்ள பெருங்கடை ஒன்றில் ஒரு நாள் இவர் கண்ட விளையாட்டுப் பொருளும் இவர் வாழ்க்கையில் இடம் பெற்றது. துளையிட்ட தகடுகள், கம்பிகள், சக்கரங்கள், திருகாணிகள் ஆகிய சில உறுப்புகளையே மாற்றி மாற்றிப் பூட்டி, விற்பனையாளர் வெவ்வேறு பொம்மைகளைச் செய்து காட்டினார். அதன் பெயர் மெக்கானோ. அறிவுத் துறைகளையும் இவ்வாறே சிறு சிறு கூறுகளாகப் பிரித்து, வேண்டியவாறு இணைத்தால், இனித் தோன்றப்போகும் நூலுக்கும் அடுக்கில் தக்க இடம் தரலாமே என்று கணித மூளை சிந்தித்தது. இச்சிந்தனையின் விளைவே 1933 இல் வெளிவந்த கோலன் பகுப்பு முறை.

1925 இல் தாயகம் திரும்பியவர், கல்லூரி வேலையைப் பற்றி மறுபடியும் நினைக்கவேயில்லை. நூலகத்தைத் திருத்தும் பணியில் இறங்கினார். அக்கால நூலகங்கள் பலவற்றின் நிலையை இங்கே கூறுதல் வேண்டும். இடைக்கால ஐரோப்பாவில் நூல்களைச் சங்கிலியால் பிணைத்து வைத்த வழக்கம் உண்டு. நம் நாட்டில் சங்கிலி இல்லை. ஆயினும் பூட்டு இருந்தது. குறைந்த இடத்தில் நிறைந்த நூல்களை அடக்க வேண்டும் என்பதே நோக்கமாக இருந்ததால், அலமாரிகள் கூரையைத் தொட்டன. ஏணியின்றி மேல்தட்டு எட்டாது. இரண்டு அலமாரிகளுக்கு இடையே ஒருவர் ஒதுங்கி நடப்பதே அரிது. படிக்க வந்தவர் சீட்டில் நூலின் பெயரை எழுதிக் கொடுத்துவிட்டு, ஏவலர் உள்ளே சென்று தேடி வரும் வரையில் காத்து நிற்க வேண்டும். பெயர் தெரியாத நூலை எவ்வாறு கேட்பது? கேளாத நூலை யார் படிப்பது?

இந்த அமைப்பையே அரங்கநாதன் மாற்றினார். நூல்கள் காப்பதற்காக அல்ல, பயன்படுவதற்காகவே உள்ளன என்பது இவர் கொள்கை. அக்கொள்கையை ஏட்டில் எழுதி வைத்தல் எளிது. அதை மரத்திலும் சுவரிலும் செதுக்கிக் காட்டியதே இவருடைய தனிப்பெருமை. தரையில் நின்றபடியே ஒருவர் கை நீட்டி எடுக்கக்கூடிய உயரத்துக்கு மேல் நூலடுக்கு உயரலாகாது என்றார். இருவர் எதிரெதிரே வந்தாலும் இடிபடாத அகலத்தில் இடைவழி வேண்டும் என்றார். அடுக்குகளின் இடையே பகலொளி வீழுமாறு சாளரங்கள் அமைதல் வேண்டும். இருக்கைகள் நெடுநேரம் அமர்ந்து படிக்க ஏற்றவையாதல் வேண்டும். ஊருக்குப் புறம்பே ஒதுங்கிக் கிடக்கும் இடத்தில் நூலகத்தைக் கட்டுவது வீண். மக்கள் நாள்தோறும் நடமாடும் இடத்தருகே அது அமைய வேண்டும். வகுப்பு நடைபெறும் வேளையில் மட்டும் நூலகம் திறந்திருக்குமானால் மாணவன் எப்போது வருவான் என்று கேட்டவர் இவர். சென்னைப் பல்கலைக்கழக நூலகம் இவர் காலத்தில் விடுமுறை நாட்களிலும் வாசகரை வரவேற்றது.

வாசகரை அடுக்குகளுக்கு இடையே உலவ விட்டால் நூல்கள் களவு போகாவோ என்று அஞ்சியவர் பலர். அவ்வச்சம் பொருளற்றது என்று அரங்கநாதன் ஒதுக்கவில்லை. உள்ளே வரவும் வெளியே செல்லவும் ஒரே வழி வைத்தார். அவ்வழியை ஒட்டி நூல் கொடுக்கும் மேடையை அமைத்து, சிறு தடுப்புக் கதவும் பொருத்தச் செய்தார். சாளரங்களுக்குக் கம்பி வலை இடவேண்டும் என்றார். இவ்வளவுக்குப் பிறகும் சில நூல்கள் காணாமற்போகலாம். ஆயிரக்கணக்கானோர் பெறும் பயனோடு ஒப்பிட, அவ்விழப்பு சிறிதே என்று கணக்கிட்டுக் காட்டினார். கணித ஆசிரியர் அல்லரோ!

1928 இல் சென்னை நூலகச் சங்கம் தோன்ற இவரே முன்னின்றார். அவ்வாண்டில் சிதம்பரத்தில் ஆற்றிய சொற்பொழிவுகளில், தம் எண்ணங்களையெல்லாம் ஐந்து விதிகளாகத் தொகுத்துரைத்தார். 1931 இல் அவை நூலாக வெளிவந்தன. படிப்போர் ஒவ்வொருவர்க்கும் ஏற்ற நூலைத் தருதல், ஒவ்வொரு நூலுக்கும் உரிய வாசகரைத் தேடிக் கொடுத்தல், வாசகரின் காலத்தை வீணாக்காமை ஆகியவை அவற்றுள் அடங்கும். நூலகம் வளர்ந்துகொண்டே இருக்கும் உயிர் போன்றது என்பது ஐந்தாவது விதி. கட்டடக் கலைஞர் பலர் மறந்துவிடும் விதியும் இதுவே. இன்றுள்ள நூல்களுக்கு அளவாகக் கட்டிய மாளிகை, எத்துணை அழகுடையதாயினும், சில ஆண்டுகளில் மூச்சு முட்டும். ஆதலால் தொடக்க வரைபடத்திலேயே வளர்ச்சிக்கு இடம் ஒதுக்கவேண்டும் என்றும், கட்டட வல்லுநரும் நூலகரும் கூடி அமர்ந்தே திட்டம் தீட்டவேண்டும் என்றும் இவர் ஓயாது வலியுறுத்தினார்.

பல்கலைக்கழக நூலகம் அதுவரை பிறருடைய கூரையின்கீழ் ஒண்டியிருந்தது. எழும்பூரிலுள்ள கன்னிமாரா நூலகத்தில் நெடுங்காலம் அதற்கு இடம் கொடுக்கப்பட்டிருந்தது. கடைசியில், சேப்பாக்கம் கடற்கரையில் அதற்கெனத் தனிக் கட்டடம் எழுந்தது. 1936 இல் நூல்கள் அங்கே குடியேறின. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் தனிமை தாளாமல் ஓடிப்போக நினைத்த நூலகர், இப்போது கடற்காற்று வீசும் மாடங்களில் வாசகர் நிறைந்திருக்கக் கண்டார்.

பட்டணத்தில் மாளிகை எழுப்பினால் சிற்றூர் மக்கள் என் செய்வர்? அவர்கள் நூலகத்துக்கு வர இயலாதெனில், நூலகம் அவர்களிடம் செல்லலாம் அன்றோ? 1931 இல் தஞ்சை மாவட்டத்து மன்னார்குடியை அடுத்த மேலவாசலில் மாட்டு வண்டி நூலகம் ஒன்று தொடங்கப் பெற்றது. கனகசபைப் பிள்ளை என்பவர் அம்முயற்சிக்கு உயிராக நின்றார். அரங்கநாதனின் ஊக்கமும் அதற்குத் துணையாயிற்று. நெல் மூட்டையும் வைக்கோலும் ஏற்றிப் பழகிய வண்டி, நூல்களைச் சுமந்துகொண்டு ஊர் ஊராகச் சென்றது. நான்கு சுவரும் கூரையும் இல்லாத அந்நூலகத்துக்கும், கடற்கரை மாளிகைக்கும் விதிகள் ஒன்றே.

ஒரு சிலர் நன்கொடையால் தோன்றும் நூலகம், அவர் மறைந்தபின் வாடிப்போவதை அரங்கநாதன் அறிந்திருந்தார். சாலையும் குடிநீரும் போல நூலகமும் மக்கள் உரிமையாதல் வேண்டும். அதற்குச் சட்டம் வேண்டும் என்பது இவர் துணிவு. 1930 இலேயே மாதிரிச் சட்டம் ஒன்றை எழுதிக் காசி நகரில் கூடிய கல்வி மாநாட்டின் முன் வைத்தார். அது பயன் தரப் பதினெட்டு ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது. அவிநாசிலிங்கம் செட்டியார் கல்வி அமைச்சராயிருந்தபோது, 1948 இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. விடுதலை பெற்ற இந்தியாவில் முதலில் தோன்றிய நூலகச் சட்டம் அதுவே. சொத்து வரியோடு சேர்த்துத் தண்டப்பெறும் சிறு தொகை, ஊர்தோறும் நூலகமாக மாறியது.

அச்சட்டம் நிறைவேறியபோது அரங்கநாதன் சென்னையில் இல்லை. 1945 இல் பல்கலைக்கழகப் பணியிலிருந்து விலகி, காசி இந்துப் பல்கலைக்கழகம் சென்றார். முறையின்றிக் குவிந்து கிடந்த நூல்களை அங்கே வகைப்படுத்தி ஒழுங்கு செய்தார். 1947 முதல் தில்லிப் பல்கலைக்கழகத்தில் நூலக அறிவியல் கற்பித்தார். அக்காலத்தில் இந்தியத் தர நிறுவனத்தின் ஆவணத் துறைக் குழுவுக்கும் தலைமை தாங்கினார். பார்வைக்கு இது சிறு பதவி. ஆனால் அதன் வாயிலாக, 1960 இல் நூலகக் கட்டட அமைப்புக்கும், அதனையடுத்து நூலக மேசை, நாற்காலி, அடுக்கு முதலியவற்றுக்கும் நாடு முழுவதற்கும் பொதுவான தர விதிகள் வெளியாயின. தம் ஒரு நூலகத்தில் செய்து பார்த்ததை, எங்கோ ஓர் ஊரில் தச்சனும் கொத்தனும் அளந்து செய்யத்தக்க அளவுகளாக ஆக்கித் தந்தார்.

உழைப்பில் இவர் தமக்கு இரக்கம் காட்டியவர் அல்லர். உடன் உழைத்தவர்க்கும் அவ்வாறே கண்டிப்பானவர். எளிய கதர் ஆடையே உடுத்தினார். தம் சேமிப்பிலிருந்து 1,00,000 ரூபாயை எடுத்து, நூலக அறிவியலுக்குப் பேராசிரியர் இருக்கை ஒன்று நிறுவுமாறு சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு வழங்கினார். அவ்விருக்கை இவர்தம் வாழ்க்கைத் துணைவியார் சாரதையின் பெயரையும் தாங்கியது. 1957 இல் பத்மசிறீ விருதும், 1965 இல் தேசிய ஆராய்ச்சிப் பேராசிரியர் என்னும் சிறப்பும் இவரை நாடி வந்தன. 1962 இல் பெங்களூரில் ஆவண ஆராய்ச்சிப் பயிற்சி மையத்தை நிறுவி, இறுதிவரை மாணவர் சூழவே வாழ்ந்தார். 1972 செப்டம்பர் 27 ஆம் நாள் அந்நகரிலேயே இவர் உயிர் பிரிந்தது. ஆகஸ்டு 12 ஆம் நாளை இந்திய நூலகர்கள் இவர் நினைவாகக் கொண்டாடுகின்றனர். சேப்பாக்கத்து நூலகக் கட்டடம் கடலை நோக்கியவாறு இன்றும் நிற்கின்றது.