ருக்மாபாய் அம்மையார்

மும்பைக் கோட்டைப் பகுதியில் உயர்நீதிமன்றத்தைக் கடந்து நாள்தோறும் அலுவலகம் செல்வோர் நம்மவருள் பலர். அக்கட்டடம் எழுந்த சில ஆண்டுகளுக்குள், இருபது வயது நங்கை ஒருவர் அங்கே பிரதிவாதியானார். அவரே ருக்மாபாய் அம்மையார்.

1864இல் பிறந்த அவருக்கு 11ஆம் வயதில் தாதாஜி பிக்காஜி என்பவரோடு மணம் நிகழ்ந்தது. ஆயினும் அவர் கணவர் இல்லம் புகவில்லை. தாயை மறுமணம் புரிந்த மருத்துவர் சகாராம் அர்ஜுனின் இல்லத்திலேயே நூல்கள் பயின்று வளர்ந்தார். கணவரோ கல்வியைத் துறந்து கடனாளியானார்.

மனைவியைத் தம்மிடம் ஒப்படைக்குமாறு 1884இல் தாதாஜி வழக்குத் தொடுத்தார். அறியாப் பருவத்தில் மணமுடிக்கப்பெற்று, ஒருநாளும் உடன் வாழாத பெண்ணை வலிந்து அனுப்புவது கொடுமை எனக் கண்ட நீதிபதி பின்ஹே, 1885இல் அதனைத் தள்ளுபடி செய்தார். இவ்வகை வழக்கே ஆங்கிலச் சட்டத்தின் வழி வந்தது. இந்து சாத்திரங்களில் இதற்கு இடமில்லை என்பதும் அவர் முடிவு. விந்தை யாதெனில், அந்த அந்நியச் சட்டத்தையே நம் மரபின் அரணாகக் கொண்டு திலகர் போன்ற பெருமக்களும் அம்மையாரை எதிர்த்தனர். நாட்டுப்பற்றில் நிகரற்ற அவர் இதில் தடுமாறினார் என்றே கூற வேண்டும்.

மேல்முறையீட்டில் அத்தீர்ப்பு நிலைக்கவில்லை. கணவரோடு வாழ வேண்டும், மறுப்பின் ஆறு மாதச் சிறை என 1887 மார்ச்சில் நீதிபதி ஃபாரன் ஆணையிட்டார். சிறையே மேல் என்றார் அம்மையார். பெண்ணைப் பிறர் வன்மையினின்று காக்க வேண்டிய நீதிமன்றமே, அவர் வெறுத்த இல்லத்துக்கு அவரைத் துரத்தும் ஏவலாளாயிற்று.

1888இல் 2,000 ரூபாய் பெற்றுக்கொண்டு தாதாஜி விலகினார். விக்டோரியா மகாராணியாரே அம்மணத்தை முறித்தார் என்பாரும் உளர். அம்மையாரைக் காத்தவை பணமும் நண்பர் துணையுமே, சட்டமன்று. அவ்விரண்டும் வாய்க்காத பெண்டிர்க்கு அவ்வழியும் இல்லை.

இவ்வழக்கு எழுப்பிய வாதங்களும் சேர்ந்து, 1891இல் பெண்ணின் சம்மத வயது 10இலிருந்து 12 ஆயிற்று. பன்னிரண்டே! அதற்குமேல், மனைவியைக் கணவன் வலிந்து தீண்டுவதைச் சட்டம் குற்றமாகக் கொள்ளவில்லை.

அம்மையார் இலண்டனில் மருத்துவம் பயின்று திரும்பி, சூரத்திலும் இராஜ்கோட்டிலும் ஏறத்தாழ 35 ஆண்டுகள் பெண்களுக்கு மருத்துவம் செய்தார்.

இவ்வகை வழக்குகளில் சிறைத் தண்டனை 1923இல் நீங்கியது. சொத்தை முடக்கும் அதிகாரம் நின்றது. 1955 மே மாதம் இயற்றப்பெற்ற இந்து திருமணச் சட்டத்தின் 9ஆம் பிரிவிலும் அவ்வழக்குரிமை இடம்பெற்றது. அது செல்லும் என 1984இல் உச்சநீதிமன்றமும் தீர்ப்பளித்தது. அப்பிரிவு பிறந்த அதே ஆண்டு, செப்டம்பர் 25ஆம் நாள், 90ஆம் அகவையில் அம்மையார் மறைந்தார்.