பஞ்சரை முந்திய பஸ் முதலாளி: யார் இந்த டி.வி.சுந்தரம் அய்யங்கார்?

கீழ்பென்னாத்தூரில் பாப்கேட் லோடர் ஓட்டுறவங்களுக்கு டயர் பஞ்சர்னா அன்றைய வாடகையே போச்சு. நூறு வருஷத்துக்கு முன்பே இந்தத் தொல்லையோடு மல்லுக்கட்டியவர் டி.வி.சுந்தரம் அய்யங்கார்.

1877-ல் திருக்குறுங்குடியில் பிறந்தவர், ரயில்வே வேலையை விட்டுட்டு 1911-ல் டி.வி.எஸ். நிறுவனத்தைத் தொடங்கினார். மதுரையில் பஸ் விட்டார். ரோட்டில் உதிர்ந்து கிடந்த லாட ஆணிகள் டயரைப் பதம் பார்த்தன. காந்தம் கட்டிய வண்டியை முன்னே அனுப்பி ஆணிகளைப் பொறுக்க வைத்தார் என்பார்கள்.

இரண்டாம் உலகப் போரில் டயருக்குத் தட்டுப்பாடு. தேய்ந்த டயருக்குப் புது ரப்பர் ஒட்டும் ரீட்ரெடிங் தொழிற்சாலையே தொடங்கினார். 1955-ல் மறைந்தார்.

அவர் வழி இன்றைக்கும் உதவும். வேலைக்கு முன் ஆணி, கம்பியைப் பொறுக்கிடுங்க. டயர் சூடாகும் முன் காற்றைப் பாருங்க. பக்கவாட்டில் கிழிந்தால் ஒட்டுப் போடாதீங்க, மாத்திடுங்க.