ஜி. என். ராமச்சந்திரன்: புரதத்தின் வடிவத்தை வகுத்த சென்னை அறிவியலாளர்

உங்கள் குழந்தைக்கு அடிக்கடி எலும்பு முறிவு ஏற்படுவதால் மருத்துவர் மரபணுப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கலாம். அறிக்கையில், கொலாஜன் என்னும் புரதத்தில் கிளைசின் இருக்க வேண்டிய ஓரிடத்தில் வேறோர் அமினோ அமிலம் அமைந்துள்ளது என்று குறிக்கப்பட்டிருக்கலாம். ஆயிரத்திற்கும் மேற்பட்ட இடங்களுள் ஒன்று மட்டும் மாறியதால் எலும்பு நொறுங்குமா என்னும் ஐயம் உங்களுக்கு எழுவது இயல்பே. அந்த ஐயத்திற்கு விடை காண வழிவகுத்தவர்களுள் முதன்மையானவர் சென்னையில் பணியாற்றிய ஜி. என். ராமச்சந்திரன். அவருடைய வாழ்க்கையையும், அவரது கண்டுபிடிப்பு நோயாளிகளுக்கு எவ்வாறு பயன்படுகிறது என்பதையும் இப்பக்கம் விளக்குகிறது.

புரதம் என்பது யாது?

காஞ்சிபுரம் மாவட்டத்தில் தென்னேரி போன்ற ஊர்களில் வாழும் உங்களுக்குப் பட்டு நூல் புதிதன்று. பட்டுப்புழு உமிழும் அந்த இழையும் ஒரு புரதமே. அமினோ அமிலங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கப்பட்ட நீண்ட சங்கிலியே புரதம். பட்டு இழையின் சங்கிலியில் கிளைசின், அலனின் என்னும் இரு சிறிய அமினோ அமிலங்கள் மிகுதியாக உள்ளன. அவை சிறியவையாக இருப்பதால் சங்கிலிகள் ஒன்றையொன்று நெருங்கி அடுக்கடுக்காகப் படிகின்றன. பட்டின் வலிமைக்கு இந்த நெருக்கமே காரணம்.

உங்கள் உடலிலுள்ள புரதங்களும் இவ்வாறே. சங்கிலியில் தொலைவில் உள்ள இரு அமினோ அமிலங்கள், சங்கிலி மடியும்போது அருகருகே வந்து ஒன்றையொன்று தொடும் நிலையை அடைகின்றன. எது எதைத் தொடுகிறது, எவ்வளவு நெருக்கத்தில் தொடுகிறது என்பதைப் பொறுத்தே புரதத்தின் வடிவம் அமைகிறது. வடிவம் சரியாக இருந்தால்தான் புரதம் தன் பணியைச் செய்யும்.

இளமையும் கல்வியும்

கோபாலசமுத்திரம் நாராயண ராமச்சந்திரன் 1922 அக்டோபர் 8 அன்று எர்ணாகுளத்தில் தமிழ்க் குடும்பம் ஒன்றில் பிறந்தார். திருச்சிராப்பள்ளி தூய வளனார் கல்லூரியில் இயற்பியல் பயின்றார். 1942இல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் மின்பொறியியல் மாணவராகச் சேர்ந்தவர், விரைவில் சர் சி. வி. ராமனின் வழிகாட்டலில் இயற்பியலுக்கு மாறினார். பின்னர் இங்கிலாந்து சென்று, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் 1949இல் முனைவர் பட்டம் பெற்றுத் தாயகம் திரும்பினார்.

அக்காலத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தராக இருந்தவர் டாக்டர் ஆ. இலட்சுமணசுவாமி முதலியார். அவர் புகழ்பெற்ற மகப்பேறு மருத்துவரும் ஆவார். ராமனின் பரிந்துரையை ஏற்று, முப்பது வயதை எட்டும் நிலையிலிருந்த ராமச்சந்திரனை 1952இல் இயற்பியல் துறைத் தலைவராக அவர் நியமித்தார்.

முப்புரியாக முறுக்கிய கொலாஜன்

அவ்வாண்டு சென்னைக்கு வருகை தந்த ஆங்கிலேய அறிவியலாளர் ஜே. டி. பெர்னால், கொலாஜனின் வடிவம் இன்னும் தெளிவாகவில்லை என்பதை ராமச்சந்திரனிடம் எடுத்துரைத்தார். கொலாஜன் நம் உடலிலேயே மிகுதியாக உள்ள புரதம். எலும்பு, தோல், தசைநாண், குருத்தெலும்பு, இரத்தக் குழாய்ச் சுவர் ஆகிய அனைத்தும் அதனால் தாங்கப்படுகின்றன.

அடையாற்றில் அமைந்துள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனம் அவருக்கு உதவியது. பதனிட்ட தோல் பெரும்பாலும் கொலாஜனே என்பதால் அந்நிறுவனத்திற்கும் இதில் அக்கறை இருந்தது. கங்காருவின் வால் தசைநாணிலிருந்து கிடைத்த தூய கொலாஜன் இழைகளின்மீது எக்ஸ்-கதிர்களைச் செலுத்தி, அவை சிதறும் முறையை ராமச்சந்திரனும் அவருடன் ஆய்வு செய்த கோபிநாத் கர்த்தாவும் பதிவு செய்தனர். 1954இல் தம் முதல் முடிவையும் 1955இல் திருத்திய வடிவத்தையும் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்டனர். கொலாஜன் மூன்று சங்கிலிகளால் ஆனது என்றும், ஒவ்வொன்றும் சுருண்டு, மூன்றும் சேர்ந்து முப்புரிக் கயிறுபோல் முறுக்கிக் கொள்கின்றன என்றும் அவர்கள் காட்டினர்.

இவ்வமைப்பில் ஒரு கட்டாயம் உள்ளது. சங்கிலியில் ஒவ்வொரு மூன்றாவது அமினோ அமிலமும் கயிற்றின் நடுப்பகுதிக்குள் வந்தாக வேண்டும். அங்கு இடம் மிகக் குறைவு. பக்கக் கிளையாக ஒரே ஒரு ஹைட்ரஜன் அணுவை மட்டும் கொண்ட கிளைசினுக்கே அங்கு இடமுண்டு. கொலாஜனில் மூன்றில் ஒரு பங்கு கிளைசினாக இருப்பதன் காரணம் இதனால் விளங்கியது.

எவ்வளவு நெருக்கம் பொருந்தும்?

அவரது முடிவு எதிர்ப்பின்றி ஏற்கப்படவில்லை. முப்புரி வடிவம் சரியே எனினும், சென்னைக் குழு வரைந்த அமைப்பில் சில அணுக்கள் இயற்கை அனுமதிக்கும் அளவைவிட நெருங்கியுள்ளன எனக் கேம்பிரிட்ஜைச் சேர்ந்த பிரான்சிஸ் கிரிக்கும் அலெக்சாண்டர் ரிச்சும் 1955இல் சுட்டிக்காட்டினர். முப்புரியை இணைக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகளின் எண்ணிக்கையிலும் கருத்து வேறுபாடு இருந்தது. மூன்று அமினோ அமிலங்களுக்கு ஒரு நேரடிப் பிணைப்பு என்பதே இன்று ஏற்கப்படும் வடிவம்.

இவ்விமர்சனத்தை ராமச்சந்திரன் ஓர் ஆய்வு வினாவாக மாற்றினார். இரு அணுக்கள் எவ்வளவு தொலைவுவரை நெருங்கலாம்? அதுவரை வடிவம் அறியப்பட்டிருந்த அமினோ அமிலப் படிகங்களையும் சிறு பெப்டைடுப் படிகங்களையும் அவரது குழு ஒன்றன்பின் ஒன்றாக ஆராய்ந்து, அணுக்களிடையே காணப்படும் மிகக் குறைந்த தொலைவுகளைத் தொகுத்தது. எடுத்துக்காட்டாக, பிணைப்பில்லாத இரு கார்பன் அணுக்களுக்கு இடையே இயல்பாக 3.2 ஆங்ஸ்ட்ராம் இடைவெளி தேவை. மிக நெருக்கடியான நிலையிலும் 3.0 ஆங்ஸ்ட்ராம் வேண்டும். ஓர் ஆங்ஸ்ட்ராம் என்பது ஒரு மில்லிமீட்டரில் ஒரு கோடியில் ஒரு பங்கு.

புரதச் சங்கிலியின் ஒவ்வொரு கணுவிலும் சுழலக்கூடிய இரு கோணங்கள் உள்ளன. அவற்றின் மதிப்புகளை மாற்றி மாற்றி, எந்நிலையில் அணுக்கள் மோதுகின்றன, எந்நிலையில் மோதவில்லை என்பதை சி. ராமகிருஷ்ணன், வி. சசிசேகரன் ஆகியோருடன் சேர்ந்து அவர் கணக்கிட்டார். பெரிய கணினிகள் கிட்டாத அக்காலத்தில் மேசைக் கணிப்பான்களைக் கொண்டே இக்கணக்குகள் செய்யப்பட்டன. 1963இல் வெளியான அம்முடிவு இன்று ராமச்சந்திரன் வரைபடம் எனப்படுகிறது. பெரும்பாலான அமினோ அமிலங்களுக்கு அவ்வரைபடத்தின் நான்கில் மூன்று பங்குப் பரப்பு விலக்கப்பட்டது. கிளைசினுக்கு மட்டும் விரிந்த இடம் கிடைத்தது.

உலகில் எங்கு ஒரு புரதத்தின் வடிவம் கண்டறியப்பட்டாலும், அது நம்பத்தக்கதா எனச் சரிபார்க்க இவ்வரைபடம் இன்றும் பயன்படுகிறது. உங்கள் மருந்துகள் பலவற்றின் ஆய்வும் இவ்வாறு சரிபார்க்கப்பட்ட வடிவங்களை நம்பியே நடைபெறுகிறது.

ஓரிடம் மாறினால் நேர்வது என்ன?

இப்போது உங்கள் அறிக்கைக்கு வருவோம். கொலாஜனில் கிளைசின் இருந்த இடத்தில் அதைவிடப் பெரிய அமினோ அமிலம் வந்தால், முப்புரியின் நடுவில் அதற்கு இடமில்லை. முறுக்கு அவ்விடத்தில் தடைப்படுகிறது. எலும்பிற்கு உறுதி தரும் இழை சீராக அமைவதில்லை. இதனால் உண்டாகும் நோய் ஆஸ்டியோஜெனிசிஸ் இம்பர்பெக்டா எனப்படுகிறது. எலும்பு எளிதில் முறிதல், கண்ணின் வெண்பகுதி நீலச் சாயலுடன் காணப்படுதல், பற்கள் எளிதில் உடைதல், வளர்ந்தபின் செவித்திறன் குறைதல் ஆகியவை அதன் அறிகுறிகளாகலாம். மாற்றம் நேர்ந்த இடத்தையும் புதிதாக வந்த அமினோ அமிலத்தையும் பொறுத்து நோயின் கடுமை வேறுபடும்.

அரிவாள் செல் இரத்தசோகையும் இவ்வகையினதே. நீலகிரிப் பழங்குடி மக்களிடையே இந்நோய் காணப்படுகிறது. ஹீமோகுளோபினில் ஒரே ஓர் அமினோ அமிலம் மாறுவதால், தொடக்கூடாத இரு மூலக்கூறுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. இங்கு வேண்டாத தொடுகை உண்டாகிறது. எலும்பு நோயில் வேண்டிய நெருக்கம் அமையாமற் போகிறது.

பெற்றோரும் பராமரிப்பாளரும் அறிய வேண்டியவை

• இம்மாற்றம் கருவுற்ற காலத்தில் தாய் உண்ட உணவாலோ, செய்த வேலையாலோ ஏற்படுவதன்று. தாயையோ தந்தையையோ எவரும் குறை கூறலாகாது.

• பெற்றோர் இருவருக்கும் நோய் இல்லாதபோதும் குழந்தையிடம் இம்மாற்றம் புதிதாகத் தோன்றலாம். பெற்றோரில் ஒருவருக்கு நோய் இருப்பின், பெரும்பாலான வகைகளில் ஒவ்வொரு குழந்தைக்கும் அது வரும் வாய்ப்பு 50 விழுக்காடு. அடுத்த கருவுறுதலுக்கு முன் மரபியல் ஆலோசனை பெறுங்கள்.

• குழந்தையை அக்குளில் பிடித்துத் தூக்காதீர்கள். கணுக்காலைப் பிடித்து உயர்த்தித் துணி மாற்றாதீர்கள். ஒரு கையைத் தலைக்கும் கழுத்திற்கும் கீழும், மறு கையை இடுப்பிற்குக் கீழும் வைத்து முழு உடலையும் தாங்கித் தூக்குங்கள்.

• எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும்போது கைகால்களை நீவி இழுக்கும் வழக்கம் இக்குழந்தைகளுக்குத் தீங்கு விளைவிக்கும். வீட்டுப் பெரியவர்களுக்கு இதனை முன்கூட்டியே எடுத்துரையுங்கள்.

• முறிவு ஐயம் எழுந்தால் கட்டு வைத்தியத்திற்குச் செல்லாமல், அருகிலுள்ள அரசு மருத்துவமனையை உடனே அணுகுங்கள். பரிசோதனை அறிக்கையை எப்போதும் உடன் கொண்டு செல்லுங்கள்.

• இந்நோயை முற்றிலும் நீக்கும் மருந்து இன்று இல்லை. எலும்பின் அடர்த்தியைக் கூட்டும் மருந்துகள், இயன்முறை மருத்துவம், தேவைப்படின் அறுவைச் சிகிச்சை ஆகியவற்றால் பலர் கல்வி கற்றுப் பணியாற்றி வாழ்கின்றனர்.

சி.டி. ஸ்கேனில் அவரது பங்கு

ராமச்சந்திரன் மருத்துவத்திற்கு அளித்த மற்றொரு கொடையையும் நீங்கள் பயன்படுத்தியிருக்கக்கூடும். பல திசைகளிலிருந்து எடுத்த எக்ஸ்-கதிர்ப் பதிவுகளைக் கொண்டு உடலின் உட்பகுதியை உருவமாக மீட்டமைக்க, எளிய கணித வழி ஒன்றை அவரும் ஏ. வி. இலட்சுமிநாராயணனும் 1971இல் வெளியிட்டனர். சி.டி. ஸ்கேன் கருவிகளில் பல்லாண்டுகளாகப் பயன்பட்டுவரும் கணித முறைக்கு அது அடிப்படைகளுள் ஒன்றாயிற்று. அதே ஆண்டில்தான் லண்டனில் முதல் நோயாளிக்கு இவ்வகை ஸ்கேன் எடுக்கப்பட்டது.

இறுதி ஆண்டுகள்

சென்னையிலிருந்து மீண்டும் பெங்களூரு சென்ற அவர், இந்திய அறிவியல் கழகத்தில் மூலக்கூறு உயிரியற்பியல் பிரிவை உருவாக்கினார். 1961இல் சாந்தி ஸ்வரூப் பட்நாகர் விருதும், 1977இல் லண்டன் ராயல் சொசைட்டியின் உறுப்பினர் தகுதியும் அவருக்குக் கிடைத்தன. படிகவியலின் உயரிய விருதான எவால்ட் பரிசு 1999இல் வழங்கப்பட்டது. நோபல் பரிசு அவருக்குக் கிடைக்கவில்லை.

வாழ்வின் இறுதிக் காலத்தில் அவரைப் பார்க்கின்சன் நோய் பற்றியது. துணைவியார் 1998இல் மறைந்தார். பிறர் துணையை நாடி வாழும் நிலையில் அவர் எஞ்சிய நாள்களைக் கழித்து, 2001 ஏப்ரல் 7 அன்று சென்னையில் காலமானார். பார்க்கின்சன் நோயிலும் ஒரு புரதம், ஆல்ஃபா-சைனூக்ளின், தன் இயல்பான நிலை பிறழ்ந்து நரம்பணுக்களுக்குள் திரள்கிறது. எந்தெந்த இடங்கள் ஒன்றையொன்று தொட்டு இத்திரட்சியைத் தொடங்குகின்றன என்னும் ஆய்வு இன்றும் தொடர்கிறது.

அடுத்த முறை மரபியல் மருத்துவரைச் சந்திக்கும்போது மூன்று வினாக்களைக் கேளுங்கள்: எந்தப் புரதத்தில், எந்த இடத்தில் மாற்றம் உள்ளது? அது புரதத்தின் வடிவத்தை எவ்வாறு பாதிக்கிறது? குடும்பத்தில் வேறு எவருக்குப் பரிசோதனை தேவை? விடைகளை எழுதி வாங்கிப் பாதுகாத்து வையுங்கள்.

இத்தகவல் பொது அறிதலுக்காக வழங்கப்படுகிறது. இது மருத்துவரின் நேரடி ஆலோசனைக்கு மாற்றாகாது.