காதால் வைத்தியம் பார்த்தவர்: கார்ல் ரோஜர்ஸ்



ஊசி போடாமல், மாத்திரை எழுதாமல், புத்திமதிகூட சொல்லாமல் ஒருத்தர் மனக்கஷ்டத்தைத் தீர்க்க முடியுமா? முடியும் என்று காட்டியவர் அமெரிக்க உளவியல் அறிஞர் கார்ல் ரோஜர்ஸ். பி.எட். படித்த நம் ஆசிரியர்களைக் கேட்டுப் பாருங்க, நெறிசாரா அறிவுரை பகர்தல் என்றதும் இவர் பெயரைத்தான் சொல்வாங்க. இந்த மாதம் அவரைத் தெரிந்துகொள்வோமா?

பண்ணை வீட்டுப் பையன்

1902 ஜனவரி 8 அன்று சிகாகோ நகருக்குப் பக்கத்தில் உள்ள ஓக் பார்க்கில் பிறந்தார். ஆறு பிள்ளைகளில் நான்காவது. அப்பா பொறியாளர். வீட்டில் மதக் கட்டுப்பாடு ரொம்ப அதிகம். சீட்டாட்டம், நடனம், நாடகம் எதுவும் கூடாது. முதல் தடவை சோடா குடித்தபோதுகூட ஏதோ தப்பு செய்கிற மாதிரி அவருக்கு இருந்ததாம்!

அவருக்கு 12 வயதானபோது குடும்பம் ஒரு பண்ணைக்குக் குடிபோனது. நெருங்கிய நண்பர்கள் கிடையாது. புத்தகங்களும் அந்துப்பூச்சிகளும்தான் துணை. விவசாய ஆராய்ச்சி நூல்களைப் படித்து, எதையும் சோதித்துப் பார்த்துத்தான் நம்பணும் என்று கற்றுக்கொண்டார்.

அவர் மனதில் நின்ற ஒரு காட்சி உண்டு. குளிர்காலத்துக்காக உருளைக்கிழங்கை நிலவறையில் கொட்டி வைத்திருப்பார்கள். மண்ணும் இல்லை, தண்ணீரும் இல்லை. ஆனாலும் கிழங்கு முளைவிடும். வெளிறிப்போன அந்த முளைகள், உயரே இருந்த சின்ன ஜன்னல் வெளிச்சத்தை நோக்கியே நீளும். மனிதனும் அப்படித்தான், எவ்வளவு மோசமான நிலையிலும் வளரத்தான் பார்க்கிறான் என்பது அவர் பிற்காலத்தில் சொன்ன கருத்து.

திசை மாறிய படிப்பு

விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் முதலில் விவசாயம் எடுத்தார், பிறகு வரலாற்றுக்கு மாறினார். 1922-ல் கிறிஸ்தவ மாணவர் மாநாட்டுக்காகச் சீனாவின் பீக்கிங் நகருக்குப் போனார். பல நாட்டு மாணவர்களோடு பழகியதில், நல்லவர்கள்கூட வேறு வேறு நம்பிக்கை வைத்திருக்கலாம் என்று புரிந்தது. 1924-ல் பட்டம் பெற்றார். அதே ஆண்டு ஹெலனைத் திருமணம் செய்துகொண்டார்.

போதகர் ஆகலாம் என்று நியூயார்க்கில் இறையியல் கல்லூரியில் சேர்ந்தார். அங்கே மாணவர்கள் சேர்ந்து, ஆசிரியர் பாடம் நடத்தாத ஒரு வகுப்பைக் கேட்டு வாங்கினார்கள். தங்கள் கேள்விகளைத் தாங்களே விவாதித்தார்கள். அதில் யோசித்து யோசித்துப் பலர் வேறு வழி தேடினார்கள், ரோஜர்ஸும் அவர்களில் ஒருவர். இன்னதைத்தான் நம்பணும் என்று கட்டாயப்படுத்துகிற வேலை தனக்குச் சரிவராது என்று உளவியலுக்கு மாறினார். 1931-ல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்றார்.

ஒரு தாய் கற்றுத்தந்த பாடம்

1928 முதல் ரோச்செஸ்டர் நகரில் குழந்தைகள் பாதுகாப்புச் சங்கத்தில் 12 ஆண்டுகள் வேலை. அடங்காத பிள்ளைகள் என்று நீதிமன்றங்கள் அனுப்பியவர்களும் வருவார்கள்.

அங்கே ஒரு பையனின் அம்மா வந்தார். அவர் மகனிடம் பாசமாக இல்லாததுதான் காரணம் என்று ரோஜர்ஸ் முடிவு கட்டிவிட்டார். பக்குவமாகப் பல தடவை எடுத்துச் சொன்னார். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் இரண்டு பேரும் தோல்வியை ஒப்புக்கொண்டு கைகுலுக்கினார்கள். கதவுவரை போன அந்த அம்மா திரும்பி, இங்கே பெரியவர்களுக்கும் ஆலோசனை உண்டா என்று கேட்டார். உண்டு என்றதும் உட்கார்ந்து தன் மணவாழ்க்கைக் கஷ்டத்தைக் கொட்டத் தொடங்கினார். இவர் குறுக்கே பேசாமல் கேட்டார். பல மாதம் இப்படிப் போனதில் அந்தக் குடும்பமே தேறியது, பையனும் தேறினான்.

எங்கே வலிக்கிறது, எந்தப் பக்கம் போகணும் என்பது வந்தவருக்குத்தான் தெரியும். அன்று இவர் கற்ற பாடம் இதுதான்.

மூன்று குணங்கள்

1940-ல் ஓஹியோ மாநிலப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆனார். 1945 முதல் 1957 வரை சிகாகோ பல்கலைக்கழகத்தில் ஆலோசனை மையம் நடத்தினார். தன்னிடம் வருபவரை நோயாளி என்று சொல்ல மாட்டார். அவருடைய முறையே நபர் மையச் சிகிச்சை எனப்படுகிறது. சிகிச்சை தருபவரிடம் மூன்று குணம் இருக்கணும் என்றார்.

1. உண்மைத்தன்மை: உள்ளே எரிச்சல், வெளியே சிரிப்பு என்று நடிக்கக் கூடாது.

2. நிபந்தனையற்ற மதிப்பு: நல்லவனாக இருந்தால்தான் உன்னை மதிப்பேன் என்ற கணக்கே கூடாது. செய்த தப்பைச் சரி என்று சொல்வதல்ல இது. தப்பு செய்தவரையும் மனிதராக ஏற்பது.

3. ஒத்துணர்வு: அவர் இடத்தில் நின்று பார்க்கணும், ஆனால் நாம் யார் என்பதை மறந்துவிடக் கூடாது. அவர் சொன்னதையே கிளிப்பிள்ளை மாதிரி திருப்பிச் சொல்வது ஒத்துணர்வு ஆகாது.

தன் குரலைத் தானே கேட்டார்

அந்தக் காலத்தில் சிகிச்சை அறையில் நடப்பது வெளியே தெரியாது. ரோஜர்ஸ் அனுமதி வாங்கி உரையாடலை இசைத்தட்டில் பதிவு செய்தார். போட்டுக் கேட்டால் ஒரே அதிர்ச்சி! வழிகாட்டாமல் கேட்கிறோம் என்று நினைத்தவர்களே அடிக்கடி புத்தி சொல்லிக்கொண்டிருந்தார்கள். 1942-ல் வந்த அவரது நூலில், ஒருவரின் முழுச் சிகிச்சையும் சொல்லுக்குச் சொல் அச்சானது.

சறுக்கல்களும் உண்டு

சிகாகோவில் கடுமையாகப் பாதிக்கப்பட்ட ஒரு பெண்ணுக்கு உதவப் போய், இவரே மனம் உடைந்துபோனார். வேலையை விட்டுச் சில மாதம் ஊரைவிட்டே விலகி இருந்தார். திரும்பி வந்து, தன்னிடம் பயின்ற ஒருவரிடமே சிகிச்சை எடுத்துக்கொண்டார். எத்தனை பேருக்கு அந்தத் துணிவு வரும்?

பிறகு விஸ்கான்சினில் மனச்சிதைவு நோயாளிகளிடம் இந்த முறையை ஆராய்ந்தார். மொத்தத்தில் எதிர்பார்த்த பலன் வரவில்லை. அதையும் மறைக்காமல் 1967-ல் நூலாக வெளியிட்டார்கள். கேட்பது பெரிய மருந்து, ஆனால் எல்லா நோய்க்கும் அது ஒன்றே போதாது என்பதும் நாம் தெரிந்துகொள்ள வேண்டிய உண்மை.

வகுப்பறையும் சமாதானமும்

1961-ல் வந்த ஒரு மனிதனாக ஆவது பற்றிய அவரது நூல் உலகப் புகழ் பெற்றது. 1969-ல் கல்வி பற்றி எழுதினார். ஆசிரியர் பாடத்தைத் திணிப்பவர் அல்ல, கற்க வழி செய்பவர் என்பது அவர் கருத்து. 1972-ல் வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகர புராட்டஸ்டண்டுகளையும் கத்தோலிக்கர்களையும் ஒரே அறையில் உட்கார வைத்தார். அந்த நகரில் குண்டுகள் வெடித்த காலம் அது! 1980-களில் தென்னாப்பிரிக்கா சென்று கறுப்பரையும் வெள்ளையரையும் பேச வைத்தார். 1987-ல் நோபல் அமைதிப் பரிசுக்கு அவர் பெயர் முன்மொழியப்பட்டது. அதே ஆண்டு பிப்ரவரி 4 அன்று, கீழே விழுந்து இடுப்பெலும்பு முறிந்ததைத் தொடர்ந்து, தம் 85-ஆம் வயதில் காலமானார்.

நண்பர்களே! பரீட்சையில் மார்க் குறைந்து ஒருத்தன் கடைசி பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தால், உடனே புத்தி சொல்லக் கிளம்பாதீங்க. பக்கத்தில் உட்காருங்க. அவன் பேசி முடிக்கிறவரை கேளுங்க. பாரம் பெரிதாகத் தெரிந்தால் நம்பிக்கையான ஓர் ஆசிரியரிடமோ பெரியவரிடமோ கூட்டிப் போங்க. நிலவறை உருளைக்கிழங்குக்குத் தேவைப்பட்டது ஒரு சின்ன ஜன்னல்தானே?