புற்றை ஏமாற்றிய டாக்டர்

சங்கரன்கோவில் என்றதும் புற்றுமண் நினைவுக்கு வரும். நோய் தீர அதைப் பூசிக்கொள்வோர் பலர். புற்றின் பெயரையே தாங்கிய கொடிய நோய் ஒன்று உண்டு. அதுதான் புற்றுநோய்! அதற்கு மருந்து கண்டவர்களில் ஒருவர் சென்னையில் டாக்டருக்குப் படித்தவர்.

அவர் பெயர் எல்லாப்பிரகட சுப்பாராவ். 1895-ல் ஆந்திராவில், பீமவரத்தில் பிறந்தார். 'ஸ்ப்ரூ' என்ற குடல் நோய் அவருடைய அண்ணனையும் தம்பியையும் பலி கொண்டது.

கல்லூரிக்குக் கதர் அணிந்து சென்றார். வெள்ளைக்காரப் பேராசிரியருக்குப் பிடிக்கவில்லை. முழுப் பட்டம் கிடைக்கவில்லை.

மனைவியைப் பிரிந்து அமெரிக்கா சென்றார். ஆஸ்பத்திரியில் இரவு வேலை பார்த்துக்கொண்டே ஆராய்ச்சி செய்தார். ஊருக்குத் திரும்பவே இல்லை.

1945-ல் அவருடைய குழுவினர் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரித்தனர். சகோதரர்களைக் கொன்ற ஸ்ப்ரூவுக்கு அதுவே மருந்தாயிற்று!

உயிரணுக்கள் பெருகவும் அந்த அமிலம் வேண்டும். அதைச் சிறிது மாற்றி, அதே போல் ஒரு போலியைச் செய்தார்கள். புற்றணுக்கள் ஏமாந்தன. புதிய அணுவுக்கு வேண்டிய மரபுப் பொருளைச் செய்ய முடியாமல் மடிந்தன.

1947 இறுதியில், ரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளுக்கு டாக்டர் சிட்னி ஃபார்பர் அதைக் கொடுத்துப் பார்த்தார். 16 பேரில் 10 பேருக்கு நோய் தணிந்தது. ஆனால், சில மாதங்களே!

1948 ஆகஸ்டில், 53-ம் வயதில் சுப்பாராவ் காலமானார். அந்த மருந்தின் தம்பியான 'மெத்தோட்ரெக்சேட்' இன்றும் உயிர்களைக் காக்கிறது.